குப்பை என்று பெயர் வைத்தேன்

1

டப்ளினுக்கு வந்து நேற்றோடு மூன்று வருடம் முடிந்தது. மார்க்கையன்கோட்டையில் என்னைப் பற்றி இரண்டு வதந்திகள் ஓடுவது எனக்குத் தெரியும். நான் இங்கே பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறேன் என்பது ஒன்று. பொண்டாட்டி சம்பாத்தியத்தில் படுத்துக் கிடக்கிறேன் என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை. முதல் வருடம் முழுக்கப் படுத்துத்தான் கிடந்தேன். இப்போது இருப்பது கம்ப்யூட்டர் கம்பெனி இல்லை, வாழைக்காய் கம்பெனி.

என் மனைவி ஜெபா நர்ஸ். போடி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகள். வேலை கிடைத்து வந்தவள் அவள்தான். அவளுடைய பெட்டிகளோடு ஒரு பெட்டியாக வந்தவன் நான். விமான நிலையத்தில் அதிகாரி, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். நான் ஜெபாவைக் கைகாட்டினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எதையோ தட்டினார். அன்றிலிருந்து எல்லாக் காகிதத்திலும் எனக்கு ஒரே பட்டம்: சார்ந்திருப்பவர். ஜெபா அதை வீட்டில் வேறு மாதிரிச் சொல்வாள்.

“யோவ் ஆண்டி, சார்ந்திருக்கிறவரே, கொஞ்சம் எந்திரிச்சுப் பாத்திரத்தச் சார்ந்திரும்.”

பாஸ்போர்ட்டில் அப்பா பேர் கடைசிப் பேராகி, ஆபீஸ் ஆபீஸாக என்னை விட்டுவிட்டு எங்கப்பாவைக் கூப்பிடும் கதையை நான் எழுதப் போவதில்லை. வெளிநாடு போன எல்லோரும் அதை எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது வேறு பேரைப் பற்றி. நானே ஆசையாக வைத்த பேர். அதனால் போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை என் வேலை போகப் பார்த்தது.

2

முதலில் அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கப்பலில் வருகிற பச்சை வாழைக்காயைப் பழுக்கவைத்துக் கடைகளுக்கு அனுப்புகிற கிடங்கு. நம் பக்கம் தாரை அடுக்கிப் புகைமூட்டம் போடுகிறோம் அல்லவா, அதையே இவர்கள் பன்னிரண்டு குளிர்ந்த அறைகளில் வாயுவை விட்டுச் செய்கிறார்கள். எந்த அறையில் எந்தச் சரக்கு, என்றைக்கு வாயு விட்டது, இன்றைக்கு எத்தனை டிகிரி வைக்க வேண்டும் என்பதெல்லாம் கணக்காக ஓட வேண்டும். ஒரு நாள் பிசகினால் பச்சையாகவே லாரி ஏறும், இல்லையென்றால் கறுத்துப் போகும்.

நான் அங்கே பெட்டி அடுக்கத்தான் சேர்ந்தேன். உத்தமபாளையத்தில் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனுக்கு அதுவே அதிகம். ஆனால் அரியர் வைத்த பாடங்களில் புரோகிராம் எழுதும் பாடம் மட்டும் இல்லை. அதில் எப்படியோ தேறிவிட்டேன். பழுக்கும் கணக்கை ஒருவர் தினமும் பேனாவால் எழுதித் திருத்துவதைப் பார்த்துப் பார்த்து எரிச்சல் வந்து, வீட்டில் உட்கார்ந்து ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். மாடியில் இருந்த கம்ப்யூட்டர் பிரிவு என்னை ஆறு மாதச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் முடிந்ததும் வை அல்லது அனுப்பு. அது முடிகிற சமயத்தில் ஜெபாவுக்கு வயிற்றில் ஆறு மாதம். அவள் லீவில் போவதற்குள் என் வேலை நிலைக்க வேண்டும். எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

கம்ப்யூட்டர் பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டே பேர். ஓர்லா என்கிற அம்மா தலைமை. தோமெக் என்கிற போலந்துக்காரன் துணை. என்னோடு மூன்று. அவர்கள் பேசியது ஆங்கிலம்தான். அதை நம் ஊர்ப் பேச்சிலேயே இங்கே போடுகிறேன். அப்போதுதான் ஓர்லாவின் குணம் உங்களுக்குப் பிடிபடும். அவர் தேனி கலெக்டர் ஆபீசில் இருந்திருந்தால் பாதி ஆபீஸ் லீவு போட்டிருக்கும்.

முதல் நாளே எட்டுப் பக்கம் கையில் கொடுத்தார். எல்லாம் பேர் வைக்கும் சட்டம்.

புரோகிராமில் வேரியபிள் என்றால் எதையாவது போட்டு வைக்கிற டப்பா. டப்பாமேல் ஒட்டுகிற சீட்டுதான் அதன் பேர். டைப் என்றால், இந்த ரக டப்பாவில் மிளகாய்த்தூள்தான் போடணும், மண்ணெண்ணெய் ஊற்றக்கூடாது என்கிற கட்டளை. ரகத்தின் பேர் பெரிய எழுத்தில் ஆரம்பிக்க வேண்டும். டப்பாவின் பேர் சின்ன எழுத்தில் ஆரம்பிக்க வேண்டும். மாறவே மாறாத எண்ணுக்கு முழுக்கப் பெரிய எழுத்து. அட்டவணைக்கு ஒவ்வொரு வார்த்தையின் முதல் எழுத்தும் பெரிது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத பாஷையில் வளர்ந்தவனுக்கு இது முதலில் பிடிபடவில்லை. பதினேழு இடத்தில் தப்பு. பதினேழுக்கும் தோமெக் சிவப்பு அடித்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான்தான் கில்லாடி. பேரைக் கேட்டதும் அது என்ன ரகம் என்று தெரிய வேண்டும் என்கிறது சட்டம். நம் தெருவில் லாரி மாமா, டெய்லர் சித்தி, வாய்க்கா பெரியப்பா என்கிறோமே, அது என்ன? கடைசியில் வருகிற மாமாவும் சித்தியும்தான் ரகம். முன்னால் வருவது எந்த மாமா, எந்தச் சித்தி என்று பிரிக்கிறது. எட்டுப் பக்கத்தில் ஒரு முழுப் பக்கத்தை எங்கள் தெருவில் நடந்தே படித்திருக்கிறேன். இதை ஓர்லாவிடம் சொன்னேன்.

“அப்ப லாரி மாமாகிட்ட லாரி இல்லாமப் போனா?”

“லாரிய வித்து ஏழு வருசமாச்சு. இன்னமும் லாரி மாமாதான்.”

“அதத்தான் ஆண்டி நான் வேணாங்குறேன். உள்ள இருக்குறது மாறுனா சீட்டையும் மாத்து. இல்லாட்டி வாரவன் அங்கன லாரியத் தேடிக்கிட்டு நிப்பான்.”

ஆமாம், நான் இங்கே ஆண்டிதான். என் முழுப் பேர் குப்பையாண்டி. பாதியை வெட்டினால் இந்த ஊர்ப் பேர் ஒன்று தானாகக் கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் தோமெக் கேட்டான். குப்பை என்றால் குப்பைதான், தூக்கிப் போடுவது என்று சொன்னேன். மேசையே சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஏன் அந்தப் பேர் வைத்தார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. சாப்பிடும்போது சொல்கிற கதை இல்லை அது.

3

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் இளவட்டங்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இரண்டுக்கும் ராஜா, ராணி மாதிரிப் பேர் வைத்திருந்தார்கள். மூன்றாவதாக நான் வந்ததும் என்னைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டு ஆமினா அத்தை வந்து, யாருக்கும் வேண்டாத பிள்ளையா என்று கேட்டு, ஒரு படி தவிடு கொடுத்து என்னை வாங்கி, அம்மாவிடமே வளர்க்கக் கொடுத்தார். குப்பையாண்டி என்று பேர் வைத்தார்கள். குப்பை என்று தெரிந்தால் எந்தக் கண்ணும் படாது, எமனும் எட்டிப் பார்க்க மாட்டான் என்பது கணக்கு. கணக்கு தப்பவில்லை, பாருங்கள், உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மாடிக்குப் போனதும் பழுக்கும் கணக்கைச் சுத்தமாகத் திரும்ப எழுதச் சொன்னார் ஓர்லா. எல்லா அறைகளின் விவரமும் உட்காரும் அட்டவணை ஒன்று அதற்கு வேண்டும். புரோகிராமின் உயிரே அதுதான். முதலில் அதற்கு ‘மாஸ்டர் பிளான்’ என்று பேர் வைத்தேன். நான்காம் நாள் மொத்தமும் கெட்டுப்போய்த் தூக்கி எறிந்தோம். இரண்டாவது முறை ‘ஃபைனல் பிளான்’. கிடங்கு மேனேஜர்கள் எல்லோரும் பார்க்க வந்த அன்று, எல்லோர் முன்னாலும் படுத்துவிட்டது.

மூன்றாவதை எழுதி முடித்தபோது பேர் வைக்கும் இடத்தில் விரல் நின்றது. ஊருக்குப் போன் போட்டேன். புரோகிராம், அட்டவணை எல்லாம் அம்மாவுக்குப் புரியாது. ரெண்டு போயிருச்சும்மா, ரெண்டாவது பெரிய ஆளுக வந்து பாத்த அன்னைக்கே போச்சு, இது மூணாவது என்றேன். அது புரிந்தது.

“ஏலே, வந்து பாத்தாகளே, அந்தப் பெரிய ஆளுக, அவுக கண்ணுதான்டா. நல்ல பேரா வச்சு ஊருக்கெல்லாம் காட்டுனா தங்குமா? ஒனக்கு என்ன பேரு வச்சோம்? அப்புடி ஒண்ணு வையி.”

வைத்தேன். இங்கிலீஷ் எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தில்: குப்பை. எட்டுப் பக்கச் சட்டத்தில் ஒன்றுகூட அதற்குப் பொருந்தாது. வேலை செய்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது வேலை செய்தது. ஒரு வாரம், ஒரு மாதம், நாலு மாதம், ஒரு நாள்கூடத் தும்மவில்லை. அப்புறம் மாற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. ஓர்லா வெளியே தெரிகிற பகுதியைத்தான் திருத்துவார். அட்டவணை உள்ளே கிடந்தது. கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

4

ஆறு மாதம் முடிகிற வெள்ளிக்கிழமை. மாலை நாலு மணிக்கு ஓர்லாவைப் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறாரா இல்லையா என்பது அப்போது தெரியும். காலையில் ஜெபா என் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு இது இரண்டாவது தடவை.

ஏழு மணிக்கு உள்ளே போனால் சுவரில் இருக்கிற திரையில் பன்னிரண்டு கட்டமும் வெள்ளையாக இருக்கிறது. அறைகள் நேற்றைய குளிரிலேயே நிற்கின்றன. எதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மணிக்கு லாரிகள் வந்துவிடும். தோமெக் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

“நான்தான்டா அழிச்சேன்,” என்றான். “நேத்துச் சாயங்காலம் வேண்டாததையெல்லாம் கூட்டித் தள்ளுனேன். பழசு, சோதனை, தற்காலிகம்னு பேரு இருந்ததெல்லாம். அதுல குப்பைன்னு ஒண்ணு கெடந்துச்சு.”

“கேட்டிருக்கலாம்ல?”

“என்னத்தக் கேக்குறது? நீதான சொன்ன, குப்பைன்னா தூக்கிப் போடுறதுன்னு!”

பிரதி எடுத்து வைத்திருப்பானே என்று நினைத்தேன். எடுத்துத்தான் வைத்திருந்தான். ஆனால் வேண்டாத பேர்களை விட்டுவிடச் சொல்லி ஒரு பட்டியல் கொடுத்திருந்தான். அந்தப் பட்டியலிலும், மூன்று மாதத்துக்கு முன்னாலேயே, குப்பை இருந்தது. அவன் சட்டப்படிதான் நடந்திருக்கிறான். பேரைப் பார்த்துப் பொருளை முடிவு செய்திருக்கிறான். எட்டுப் பக்கமும் அதைத்தானே சொல்கிறது.

ஓர்லா வந்தார். இரண்டு பேரும் சொன்னதைக் கேட்டார். கத்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

“பேச்சு பொறகு. எந்த ரூம்ல பழம் எந்த நெலமையில இருக்கு? அத யாராச்சும் சொல்ல முடியுமா?”

“காயப் பாத்தாச் சொல்லிருவேன்,” என்றேன்.

“கம்ப்யூட்டர் இல்லாமயா?”

“நான் சின்னமனூர் மண்டியில வாழைத்தார் எறக்குனவன் மேடம்.”

மூன்று பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினோம். நான் ஒவ்வொரு அறையிலும் கதவோரத்தில் ஒரு பெட்டி, நடுவில் ஒன்று, மேலே ஒன்று என்று திறந்தேன். காம்புப் பக்கம் பச்சை எவ்வளவு விட்டிருக்கிறது, நுனி எப்படி, விரலால் அழுத்தினால் எவ்வளவு கொடுக்கிறது, வாசனை வந்துவிட்டதா. இது வாயு விட்டு மூன்றாம் நாள் என்பேன். தோமெக் காய்க்குள் சூட்டுமானியைக் குத்திப் பார்த்துக் குறித்துக்கொள்வான். ஓர்லா சரக்கு வந்த லாரிச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு சரிபார்ப்பார். மூன்றாவது அறையிலிருந்து அவர் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பதை நிறுத்தினார். ஒன்பதாவது அறையில் நான் ஒரு நாள் தப்பாகச் சொன்னேன். சீட்டு காட்டிக் கொடுத்துவிட்டது.

“என்ன மண்டிக்காரரே, சறுக்கிருச்சு?” என்றார்.

“அது வேற நாட்டுக் காய் மேடம். தோல் தடிப்பு.”

“காய் மேல பழியப் போடாத. அடுத்த ரூமத் தொற.”

பதினொன்றரைக்குப் பன்னிரண்டு அறையும் முடிந்தது. அந்தக் குளிரிலேயே ஒரு பெட்டிமேல் கம்ப்யூட்டரை வைத்து, தோமெக் புதிய அட்டவணையைத் திறந்தான். எல்லா விவரமும் கையில் இருக்கிறது. போட வேண்டியதுதான் பாக்கி. திரையில் ஒரே ஒரு காலி இடம் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

“பேரு என்ன போட?” என்றான்.

நான் திறந்து கிடந்த ஒரு பெட்டியை மூடினேன்.

“பொறகு வச்சுக்கலாம்.”

“பேரு இல்லாம அட்டவணைய உண்டாக்க விடாதுடா. ஒனக்குத் தெரியாதா?”

“அப்ப எதையாச்சும் போடு. தோமெக்குன்னே போடு.”

ஓர்லா சீட்டுகளை மடித்துப் பையில் வைத்தார். “ஆண்டி, நீ பயப்படுற. எதுக்கு?”

இஸ்திரி போட்ட சட்டைக்கு மேல் அந்தக் கனத்த கோட்டில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். போன இரண்டு பிள்ளைகள், குப்பைமேடு, ஒரு படி தவிடு, மாஸ்டர் பிளான், ஃபைனல் பிளான். என் இங்கிலீஷில் அதைச் சொன்னபோது பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. அவர்கள் சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்து முடித்திருப்பேன். யாரும் சிரிக்கவில்லை.

தோமெக்தான் முதலில் பேசினான். “அப்ப இருக்குறதுலயே நீ ரொம்ப ஆசையா வச்சிருந்தது அதுதானா? எனக்கு எப்புடித் தெரியும்? அந்தப் பேரப் பாத்து யாருக்குத்தான் தெரியும்?”

ஓர்லா சொன்னார்: “ஒங்க அம்மா செஞ்சது சரி. அங்கன எமன் ஏமாறணும், அதுக்கு வச்ச பேரு. இங்கன ஏமாந்தது யாரு? ஒன் பக்கத்துல ஒக்காந்து வேலை பாக்குறவன். அவன் காப்பாத்த வேண்டிய சாமானுக்கு, காப்பாத்தாதேன்னு நீயே சீட்டு ஒட்டியிருக்க.”

பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

அறைகளின் பழுக்கும் கணக்கு அட்டவணை. அதுதான் அது. இங்கிலீஷில் மூன்று வார்த்தை. சட்டப்படி ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் பெரிதாக அடித்தேன். அடித்து முடித்துக் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். திறந்தபோது பன்னிரண்டு கட்டங்களிலும் வரிசையாக எண்கள் வந்துகொண்டிருந்தன. ஐந்தாவது அறையில் காற்றாடி திரும்ப ஓடுகிற சத்தம் கேட்டது.

லாரிகள் இரண்டு மணிக்கு வந்தன. ஒன்று மட்டும் ஒரு மணி நேரம் காத்திருந்து போனது.

5

நாலு மணிக்கு ஓர்லாவின் அறை. மேசையில் ஒரு காகிதம்.

“இன்னைக்கி நடந்ததுல ஒன் தப்ப எழுதிட்டேன். தோமெக் தப்பையும் எழுதிட்டேன். நாலு மாசமா உள்ள என்ன பேரு கெடக்குதுன்னு பாக்காம விட்டது என் தப்பு. அதையும் எழுதிட்டேன்.”

“சரி மேடம்.” பெட்டி அடுக்கும் வேலையில் ஆள் தேவைப்படுமா என்று கேட்க வாயெடுத்தேன்.

“ஆனா எட்டுப் பக்கத்துலயும் இல்லாத ஒண்ணு ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. அட்டவணை போனாலும் உள்ள இருந்த பொருளு என்னன்னு ஒனக்குத் தெரியும். அதனால நீ இங்கனயே இரு.” பேனாவை எடுத்தார். “பதவிக்கு என்ன போட?”

என் வாய் பழக்கத்தில் ஓடியது.

“ஹெல்பர்னு போடுங்க மேடம். போதும்.”

பேனா நின்றது. “நீ ஹெல்பர் வேலையா பாக்குற?”

“இல்ல.”

“பின்ன?”

“சும்மா... எதுக்குப் பெருசா...”

“ஆண்டி, மத்தியானம்தான் சொன்னேன். உள்ள என்ன இருக்கோ அதச் சொல்லு.”

ஜன்னலுக்கு வெளியே மழை. ஒரு காலி லாரி வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது. அது திரும்பி முடிக்கும்வரை அதையே பார்த்தேன். அவரும் விடவில்லை.

“புரோகிராம் எழுதுறேன்,” என்றேன்.

“இதுக்கு இம்புட்டு நேரமா?” என்று எழுதிக் கையெழுத்தைப் போட்டுத் தள்ளினார்.

பஸ்ஸில் ஏறி மேல்மாடியில் உட்கார்ந்து ஜெபாவைக் கூப்பிட்டேன். முதல் மணிக்கே எடுத்துவிட்டாள்.

“வச்சுக்கிட்டாகளா, அனுப்பிட்டாகளா? மொதல்ல அதச் சொல்லு.”

“வச்சுக்கிட்டாக.”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“அழுகுறியா?”

“சளி. என்னன்னு போட்டாக?”

“புரோகிராமர்.”

“கேக்கல. சத்தமா.”

“கேட்டுச்சு ஒனக்கு.”

“கேக்கலங்குறேன்ல. சத்தமாச் சொல்லுய்யா.”

“புரோகிராமர்!”

முன் இருக்கையில் இருந்த தொப்பிக்காரர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“போதுமா, புள்ள? பஸ்ஸுல ஆளு திரும்பிப் பாக்குறாரு.”

“பாக்கட்டும்,” என்றாள் ஜெபா. “நல்லாப் பாக்கட்டும்.”